பட்டறைப் பக்கம்: ஏலத்தில் மஸ்டாங் எடுக்கலாமா?

கேள்வி: அண்ணே, எங்க அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவில், ஹூஸ்டனில் இருக்கிறார். வரும் ஜனவரியில் அரிசோனாவில் நடக்கும் பாரட்-ஜாக்சன் கார் ஏலத்தில் 1967 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஒன்று எடுக்க ஆசைப்படுகிறார். 390 கன அங்குல இன்ஜின்தான் வேண்டுமாம். துணைக்கு என்னையும் கூப்பிடுகிறார். பிறகு வண்டியை ஊருக்குக் கொண்டுவரும் எண்ணமும் உண்டு. எதைப் பார்த்து எடுப்பது?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: தம்பி, நீ மீன் ஏலம் பார்த்து வளர்ந்தவன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் உங்க ஊரில் யாராவது ஏலம் கேட்பார்களா? காரும் அப்படித்தான். மேடைக்கு வந்த வண்டி சில நிமிடத்தில் கைமாறிவிடும். ஓட்டிப் பார்க்க வழியில்லை. வாங்கிய பிறகு குறை சொல்லவும் முடியாது. அதனால் ஏலத்துக்கு முன்பே வண்டிகளைப் பார்வைக்கு வைக்கும் நாட்களில் போய்விடுங்கள்.

முதலில் சேஸ் நம்பர். மஸ்டாங்குக்குப் பெரிய 390 இன்ஜின் வந்ததே 1967இல்தான். அந்த வருட வண்டியின் சேஸ் நம்பர் 7 என்று தொடங்கும், ஐந்தாவது இடத்தில் இன்ஜினுக்கான எழுத்து இருக்கும். எஸ் (S) என்றால் 390. டி (T) என்றால் சாதாரண ஆறு சிலிண்டர் வண்டியாகப் பிறந்தது, பெரிய இன்ஜின் பிறகு ஏறியது. கதவில் உள்ள தகட்டை மட்டும் நம்பாதே, அதைப் புதிதாக அடித்து மாட்டலாம். பானெட்டைத் திறந்து, டிரைவர் பக்கம் உள்மட்கார்டில் குத்திய எண்ணோடு ஒத்துப்பார்.

அடுத்தது துரு. அந்தக் கால மஸ்டாங்குகளுக்கு வியாதி முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில். அங்கே காற்று போகும் ஓட்டைக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்து, கால் வைக்கும் தரையில் வந்து சொட்டும். கார்பெட்டைத் தூக்கி மோந்து பார், ஈர வாடை சொல்லிவிடும். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொள். அனுமதி கேட்டு, பின்சக்கரத்தைச் சுற்றியும் கதவுக்குக் கீழேயும் வைத்துப் பார். ஒட்டவில்லை என்றால் அங்கே தகரம் இல்லை, ஓட்டையை மறைத்துப் பூசிய பட்டிதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டறை போட்ட புதிதில் ஒரு பழைய ஜீப் ஏலத்துக்கு வந்தது. எதிரே நின்றவர் ஐந்நூறு ஏற்ற, நான் ஆயிரம் ஏற்ற, கடைசியில் ஜெயித்தது நான்தான்! உச்சிப்புளிக்குக் கொண்டுவந்து தட்டினால் சேஸுக்குள் விரல் போகிறது. அதன் ஸ்டீரிங் மட்டும் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.

கேட்ட விலையோடு கணக்கு முடியாது. ஏலக்காரர்களின் கமிஷன் தனி. அது 10 சதவீதம் என்றே வை, ஐம்பதாயிரம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தால் ஐம்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். வரி, லாரி வாடகை அப்புறம்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: 50 வருடம் தாண்டிய காரை இறக்குமதி செய்ய 2025இல் வழி திறந்துவிட்டார்கள். ஆனால் வரியே காரின் விலையைத் தாண்டும். இங்கே பதிவுக்கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பலகையில் விஏ (VA) என்று வரும். தினசரி ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல், அவ்வளவுதான். ஸ்டீரிங் வேறு இடது பக்கம்.

எனக்குப் பிடிக்காதது வேறொன்று. அரிசோனா வறண்ட ஊர். அங்கேயே கிடந்த வண்டி என்றால் துரு குறைவு என்று கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். அதைக் கொண்டுவந்து நம் கடற்கரையின் உப்புக் கச்சான் காற்றில் நிறுத்தப்போகிறாயா? நம் கரையில் சைக்கிள் செயினே ஒரு மழைக்காலம் தாங்குவதில்லை. வண்டி மச்சானிடமே இருக்கட்டும், நீ போய் ஓட்டிவிட்டு வா.

இன்னொன்று. அக்காவையும் ஏலத்துக்குக் கூட்டிப்போங்கள். எவ்வளவு வரை கேட்கலாம் என்பதைச் சீட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டு, மச்சானின் வலது கைப் பக்கம் உட்காரச் சொல்.