குடலில் ஈஸ்ட்: சோற்றையும் இட்லியையும் நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 46. சர்க்கரை நோய்க்கு கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின், நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 8.6. சிறுநீர்த் தொற்றுக்கு இரண்டு தடவை ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு வயிற்று உப்புசம், ஏப்பம், பிறப்புறுப்பில் அரிப்பு. காலையில் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்த்தேன், நூல் நூலாக இறங்கியது. குடலில் ஈஸ்ட் பெருகிவிட்டது என்று சோறு, இட்லி, தயிர், பழம் எல்லாவற்றையும் நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. 4 கிலோ குறைந்துவிட்டேன். சோர்வும் குமட்டலுமாக இருக்கிறது. ஈஸ்ட் சாகும்போது அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். தொடரலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தொடர வேண்டாம், சகோதரி. இதைப் படித்ததும் முதலில் உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள், இன்றைக்கே.

டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தை அடியோடு விட்டால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறக்கூடும். இதில் மோசம் என்னவென்றால், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 160, 180 என்றுதான் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது. குமட்டலும் அசதியும் அதன் அறிகுறிகள். ‘ஈஸ்ட் சாகிறது’ என்று அதைத் தள்ளிவிடாமல் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கவும் செய்யும். 70க்குக் கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஈஸ்டுக்குப் பயந்து அந்தச் சர்க்கரையைத் தவிர்க்கக் கூடாது.

அரிப்புக்கும் குடலைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. டாபாகிளிஃப்ளோசின் ரத்தச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிற மருந்து. சிறுநீரில் சர்க்கரை இருந்தால் அந்த இடத்தில் கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை எளிதாக வளரும். அதற்கு முன் எடுத்த ஆன்டிபயாடிக்கும் வழிவிட்டிருக்கும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூஞ்சைக்கான க்ரீமோ மாத்திரையோ தருவார், அடிக்கடி வந்தால் சர்க்கரை மருந்தையே மாற்றிக் கொடுப்பார்.

இனி வயிறு. கேண்டிடா, ஆரோக்கியமாக இருக்கிற பலருடைய குடலிலும் குடியிருக்கிற பூஞ்சைதான். எச்சில் சோதனையால் எதுவும் தெரியாது: எச்சிலில் இருக்கும் சளிதான் தண்ணீரில் நூலாக இறங்குகிறது. சிறுகுடலில் பூஞ்சை உண்மையிலேயே பெருகியிருக்கிறதா என்று பார்க்க, எண்டோஸ்கோப்பி வழியாக அங்கிருந்து திரவம் எடுத்து வளர்த்துப் பார்க்க வேண்டும். குடல் அசைவு மந்தமானவர்களுக்கும், நெடுநாள் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். நீங்கள் பான்டோபிரசோல் சாப்பிடுவதால் குடல் மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் பூஞ்சைக்கான மாத்திரையான ஃப்ளூகோனசோலைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது கிளிமிபிரைடின் அளவை ரத்தத்தில் கூட்டி, சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும்.

சாப்பாட்டை நிறுத்தி ஈஸ்டைப் பட்டினி போட முடியுமா? சோற்றின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலிலேயே குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆரோக்கியமானவர்களுக்குச் சர்க்கரையை அதிகமாகக் கொடுத்துப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றிலும் குடல் கேண்டிடா பெரிதாகக் கூடவில்லை. அப்படியானால் இந்தப் பத்தியத்தில் சிலருக்கு உப்புசம் குறைவது ஏன்? ஈஸ்டோடு சேர்த்துப் பால், கோதுமை, பேக்கரிப் பண்டம் எல்லாம் நின்றுபோகின்றன அல்லவா, பெரும்பாலும் அதனால்தான். நம்மில் ஏராளமான பெரியவர்களுக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை.

இட்லியைப் பற்றிய பயம் வேண்டாம். மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு. கூட இருக்கும் ஈஸ்ட் ஆவியில் வேகும்போது செத்துவிடும்.

மருத்துவர் கீட்டோன் பார்த்து, மாத்திரையைச் சரிசெய்த பிறகு இப்படி ஆரம்பியுங்கள். காலையில் 2 அல்லது 3 இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை. மதியம் வடித்த சோறு ஒரு கப், அதைப் போல இரண்டு மடங்கு காயும் கீரையும், கூடவே பாசிப்பருப்போ மீனோ. இரவில் 2 சப்பாத்தியும் காய்க் கூட்டும். புளிக்காத தயிர் அரை கப். பழம் ஒரு கொய்யா அல்லது ஒரு கிண்ணம் பப்பாளி, ஜூஸ் வேண்டாம். சர்க்கரை கலந்த டீ, பிஸ்கட், ஊட்டச்சத்துப் பானங்களை விடுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரைதான். ரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும் வரை பூஞ்சையை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வலுவாக வேலை செய்யாது. எச்பிஏ1சி 8.6ஐ இறக்குவதுதான் ஈஸ்டுக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் பெரிய மருந்து.

உப்புசத்துக்கு இரண்டு வாரம் பாலை மட்டும் நிறுத்திப் பாருங்கள். குறையாவிட்டால் அடுத்த இரண்டு வாரம் வெங்காயம், பூண்டு, சுண்டல் வகைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. திரும்பச் சேர்க்கும்போது ஒவ்வொன்றாக, மூன்று நாள் இடைவெளி விட்டுச் சேருங்கள்.

பான்டோபிரசோலை நீங்களே சட்டென்று நிறுத்தாதீர்கள், அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும். அது இன்னும் தேவையா, படிப்படியாகக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் எடை இறங்கினாலோ, மலத்தில் ரத்தம் போனாலோ, விழுங்கும்போது வலித்தாலோ, வாய்க்குள் வெள்ளைப் படலம் படிந்தாலோ சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் குடல் மருத்துவரிடம் போங்கள்.