சக்களத்தி வீட்டுக்கு விருந்துக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் வணிகக் கப்பலில் இன்ஜினியராக 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது 67, எனக்கு 62. கல்யாணமாகி 38 வருடம் ஆகிறது. அதில் அவர் வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் பாதிகூடத் தேறாது. பிரசவம், பிள்ளைகள் படிப்பு, மாமியாரின் கடைசி நாட்கள் எல்லாம் நான் தனியாகப் பார்த்ததுதான். கடலை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன். இப்போது 23 நாள் கப்பல் பயணம் போகலாம் என்கிறார். புவனோஸ் ஐரஸில் ஏறி ஃபாக்லாந்து, அண்டார்டிகா, கேப் ஹார்ன், உசுவாயா, மகெல்லன் நீரிணை எல்லாம் பார்த்துவிட்டு சிலியில் இறங்குவதாம். இரண்டாயிரம் பேர் போகிற கப்பல். மகெல்லன் வழியாக ஏற்கெனவே இரண்டு தடவை போயிருக்கிறார், ஆனால் ஒன்றும் பார்த்ததில்லையாம். எனக்குக் கொடைக்கானல் பஸ்ஸிலேயே வாந்தி வரும். அவருக்கு நான்கு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தார்கள். "அந்தப் பணத்தில் ஒரு மனை வாங்கலாம்" என்கிறாள் மகள். போகலாமா, வேண்டாமா? போனால் அந்தப் பனியில் ஒரு தடவையாவது கால் வைக்க முடியுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். போகவே பிடிக்காதவர், பனியில் கால் வைக்க முடியுமா என்று கேட்க மாட்டார். அதனால் போகலாமா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்தக் கப்பலில் போகலாம் என்று பேசுவோம். ஏனென்றால் அவர் பார்த்து வைத்திருக்கிற கப்பலில் போனால் உங்களால் கால் வைக்க முடியாது.

500 பயணிகளுக்கு மேல் ஏற்றிப்போகும் கப்பல் அண்டார்டிகாவில் ஒருவரைக்கூடக் கரையில் இறக்கக் கூடாது. அங்கே பயணம் நடத்தும் நிறுவனங்கள் 1991-ல் சேர்ந்து அமைத்த சங்கத்தின் விதி இது. சின்னக் கப்பலானாலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. பெரிய கப்பல்கள் அண்டார்டிகா தீபகற்பத்தின் ஓரமாக மூன்று நான்கு நாள் மெதுவாகப் போய்க் காட்டிவிட்டுத் திரும்பிவிடும். கோபுர தரிசனம் மாதிரி. கோபுர தரிசனம் கோடி புண்ணியம்தான், ஆனால் உள்ளே போகப் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பியவர்களுக்கு அது போதாது. விளம்பரத் தாளில் 'அண்டார்டிகா' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். 'கரையிறக்கம்' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அடுத்தது உங்கள் வீட்டுக்காரர். 'இரண்டு தடவை போயிருக்கிறார், ஒன்றும் பார்த்ததில்லையாம்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு மனசு அங்கேயே நின்றுவிட்டது. மகெல்லன் நீரிணை கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர் நீளம். இருபுறமும் மலை, காடு, பனியாறு. இப்படிக் குறுகலான வழியில் கப்பலுக்கு வழிகாட்டுகிற பைலட் ஏறிவிட்டால், எந்த நேரமும் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ தயாராக இன்ஜினை ஸ்டாண்ட்-பையில் வைத்திருக்க வேண்டும். இன்ஜினியர்கள் கீழே இருந்தாக வேண்டும். அதாவது, எங்கெல்லாம் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதோ அங்கெல்லாம் இன்ஜினியருக்கு டியூட்டி. மேலே பனிமலை நகர்ந்து போகும்போது இவர் கீழே புழுக்கத்தில் கேஜைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். 31 வருடம் அவர் கடலோடு குடித்தனம் நடத்தினார் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாவம், அந்தச் சக்களத்தியின் முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை.

இதைச் சொல்வதால் உங்கள் வருத்தத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று அர்த்தமில்லை. பிரசவத்துக்கு வராதவர் வராதவர்தான். ஆனால் அதைச் சொல்லித் தீர்ப்பதென்றால் டிக்கெட் போடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். கப்பலில் மூன்றாவது நாள் ராத்திரி ஆரம்பித்தால் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க அடுத்த அறைகூடக் கிடையாது.

சரி, அவர் ஆசை மகெல்லன். உங்கள் ஆசை பனியில் கால் வைப்பது. இரண்டும் நடக்க வேண்டுமென்றால் பயணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். சிலியின் பூந்தா அரேனாஸிலிருந்து அர்ஜென்டினாவின் உசுவாயாவுக்கு, இருநூறு பேர் போகிற சின்னக் கப்பல் ஒன்று நான்கு ராத்திரிப் பயணமாகப் போகிறது. மகெல்லன் நீரிணை, பீகிள் கால்வாய் இரண்டும் அந்த வழியில் வரும். காற்று விட்டுக்கொடுத்தால் தென் அமெரிக்காவின் தென்கோடியில் இருக்கிற கேப் ஹார்ன் தீவிலேயே இறக்குவார்கள். செங்குத்தான மரப்படி, ஏறி முடிக்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். மேலே கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ள சிலி கடற்படைக்காரர் ஒருவர் குடியிருக்கிறார், மனைவி மக்களோடு. அதை மட்டும் உங்கள் வீட்டுக்காரருக்கு மறக்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

உசுவாயாவில் இறங்கி இரண்டு நாள் ஓய்வு. பழைய சிறைச்சாலையை மியூசியமாக வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கலாம். பிறகு அங்கிருந்தே பத்துப் பதினொரு நாள் அண்டார்டிகா பயணம், கரையிறக்கம் உள்ள கப்பலில். ஃபாக்லாந்து இதில் விட்டுப்போகும், போகட்டும். பெரிய கப்பல் அங்கே நடுக்கடலில் நின்று படகில்தான் கரைக்கு ஆளனுப்பும். காற்று பலமாக இருந்தால் அதுவும் ரத்து. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

பூந்தா அரேனாஸில் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1914-ல் பனாமா கால்வாய் திறக்கும்வரை அட்லாண்டிக், பசிபிக் என்ற இரு பெருங்கடலுக்கும் நடுவே கப்பல்கள் நிற்கிற ஊராக இருந்து கொழித்த ஊர் அது. இன்றைக்கும் சதுக்கத்தைச் சுற்றி அந்தக் காலத்துப் பணக்கார மாளிகைகள் நிற்கின்றன. நடுவில் மகெல்லன் சிலை. அதன் கீழே உட்கார்ந்திருக்கும் பூர்வகுடி உருவத்தின் கால் விரலைத் தொட்டால் மறுபடியும் அந்த ஊருக்கு வருவோம் என்று நம்பிக்கை. தொட்டுத் தொட்டு அந்த விரல் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அண்டார்டிகாவைக் கடக்கக் கிளம்பிய பிரிட்டிஷ் பயணி ஷாக்கிள்டனின் ஆட்கள் 22 பேர், கப்பல் பனியில் உடைந்து, அண்டார்டிகா பக்கத்து யானைத் தீவில் நான்கரை மாதம் சிக்கிக் கிடந்தார்களே, 1916 ஆகஸ்டில் அவர்களை மீட்டுவந்தது இந்த ஊரிலிருந்து போன யெல்சோ என்ற சின்ன நீராவிக் கப்பல்தான். அந்த ஒரு கதை போதும், உங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் எல்லாரையும் பிடித்துவைத்துக்கொள்வார்.

இனி வாந்தி. பூசி மெழுகாமல் சொல்கிறேன். உசுவாயாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவே டிரேக் நீரிணை, குறுகலான இடத்திலேயே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். கடக்க இரண்டு நாள் ஆகும், திரும்ப இரண்டு நாள். அந்த அட்சரேகையில் உலகத்தைச் சுற்றி வந்தாலும் குறுக்கே நிலமே கிடையாது. அதனால் காற்றைத் தடுக்க ஆளில்லை, சுற்றிச் சுற்றி அடிக்கும். சில நாள் குளம் மாதிரியும் கிடக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். ஆறு வருடத்துக்கு முன் நானும் என் வீட்டுக்காரரும் போனபோது குளம் கிடைக்கவில்லை. நடைவழியில் கைப்பிடிக் கம்பி நெடுக வாந்திப் பைகளைச் செருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க எங்கள் கேபின் மேஜையின் இழுப்பறை தானாகத் திறந்து, தானாக மூடிக்கொண்டே இருந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் தன் பெல்ட்டை எடுத்து அதைக் கட்டிப் போட்டார்.

கேபினைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். பால்கனி வைத்த மேல்தள அறை பெருமைக்குச் சரி, ஆட்டம் அங்கேதான் அதிகம். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, கப்பல் உசுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாயை விட்டு வெளியே வருவதற்கு முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற மருந்துப் பட்டையும் உண்டு. கண் அழுத்த நோய் இருந்தால் அது ஆகாது, அதனால் டாக்டரிடம் கேட்காமல் ஒட்டாதீர்கள். டிரேக்கே வேண்டாம் என்றால் பூந்தா அரேனாஸிலிருந்து அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரத்தில் விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறுகிற ஏற்பாடும் இருக்கிறது. பணம் கூடுதல். ஆனால் டிரேக்கைக் கடக்காமல் போனால் உங்கள் வீட்டுக்காரர் அதைப் போனதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஸ்டென்ட் விஷயத்தில் எனக்கு விளையாட்டே கிடையாது. அவருடைய இதய மருத்துவர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான் முன்பணம் கட்ட வேண்டும். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் ஆஞ்சியோ செய்கிற ஆஸ்பத்திரி இரண்டு நாள் கடல் தூரத்தில் இருக்கும். விமானம் வந்து தூக்கிப்போக வேண்டுமென்றாலும் வானிலை சம்மதிக்க வேண்டும். அதனால் மருத்துவ மீட்புச் செலவை ஏற்கும் காப்பீடு எடுங்கள், ஸ்டென்ட்டை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் கட்டிய பிரீமியம் வீண். டாக்டர் தயங்கினால் சின்னக் கப்பல் வேண்டாம், அவர் பார்த்து வைத்த பெரிய கப்பலே இருக்கட்டும். அதில் ஆட்டம் குறைவு, மருத்துவ வசதியும் சற்றுக் கூடுதல். உங்கள் பனி ஆசைக்கு வேறு வழி பார்க்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். முன்கூட்டியே சொன்னால் சைவமும் பருப்பும் சோறும் கிடைக்கும். பொடி, ஊறுகாய் எடுத்துப்போனால் சிலி விமான நிலையப் படிவத்தில் 'உணவுப் பொருள் உண்டு' என்று எழுதிவிடுங்கள், அங்கே விதை, பழம் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. அண்டார்டிகா கரைக்கு ஒரு முறுக்குகூடக் கொண்டுபோகக் கூடாது. இறங்குவதற்கு முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவி, சட்டைப் பையைக்கூட உதறிப் பார்ப்பார்கள். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு பனியில் உட்காரவும் விடுவதில்லை.

பெங்குவின் தீவு கண்ணில் படுவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும். என்னோடு வந்தவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். தூத்துக்குடிக் கருவாட்டுச் சந்தைக்குப் போய்வந்த மூக்குக்கு அது ஒன்றும் பெரிதில்லை. ரப்பர் படகில் ஏறி இறங்கும்போது மாலுமி உங்கள் விரலைப் பிடிக்க மாட்டார், மணிக்கட்டைப் பிடிப்பார். நீங்களும் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், அதுதான் வழுக்காது. வீட்டிலேயே உங்கள் இன்ஜினியரிடம் பழகிக்கொள்ளுங்கள். பனித்துண்டுகள் மிதக்கிற இடத்தில் படகு மோட்டாரை நிறுத்துவார்கள். அப்போது பேசாமல் இருங்கள். பனிக்குள் பழங்காலத்தில் அடைபட்ட காற்று வெளியே வரும்போது படபடவென்று, தாளிப்பில் கடுகு வெடிக்கிற மாதிரி, சுற்றிலும் கேட்கும்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: மனையை அவள் சம்பாத்தியத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.

விசாவுக்கு இரண்டு நாட்டுத் தூதரகத்திலும் விசாரியுங்கள். அர்ஜென்டினாவுக்குள் இரண்டு தடவை நுழைய நேரும். போக வேண்டிய பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை, அதனால் அவசரமில்லை. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை அடுத்த தடவை கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுப் பாருங்கள். சிலருக்கு வாந்தி நிற்கும், ஆனால் தூக்கம் அடித்துப் போட்டுவிடும். டிரேக்கில் இறக்கையை விரித்தால் மூன்று மீட்டருக்கு மேல் இருக்கிற அல்பட்ராஸ் பறவை கப்பலுக்குப் பின்னாலேயே வரும். அவர் மேல்தளத்தில் நின்று உங்களைக் கூப்பிடும்போது நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால், அந்தக் கதையை அடுத்த 20 வருடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.