‘வைஃபை கார்டு’ பற்றிச் சில கேள்விகள், சில பதில்கள்

வடசென்னைக் கடைகளில் கார்டு மிஷின்களைப் பழுதுபார்த்து வந்தவன் என்பதால், தெருவில் எதிர்ப்படுவோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்): எங்கள் கடையில் வைஃபையே கிடையாது. இந்த ‘வைஃபை கார்டு’ மட்டும் எப்படி வேலை செய்கிறது?

பதில்: மிஷினில் செருகாமல், அருகே காட்டியே பணம் செலுத்தும் வங்கிக் கார்டு இது. கார்டின் மேல் உள்ள வளைகோடுகளைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் அது, வைஃபைக்கும் இதற்கும் உறவில்லை. கார்டுக்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று புதைந்திருக்கிறது. மிஷின் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்து அச்சுருள் மின்சாரத்தைப் பெற்றுத் தர, பேட்டரியே இல்லாத சிப் அந்தச் சில கணங்களுக்கு விழித்துக்கொண்டு, தனக்குள் பூட்டியிருக்கும் ரகசியச் சாவியைக் கொண்டு, அந்த ஒரு வரவுசெலவுக்கு மட்டுமே செல்லுபடியாகும் குறியீடு ஒன்றைக் கணக்கிட்டுக் கொடுக்கிறது. சாவி வெளியே வருவதே இல்லை. அந்தக் குறியீட்டை யாரேனும் ஒட்டுக்கேட்டுப் பதிந்து வைத்தாலும், அது நேற்றைய பஸ் டிக்கெட்டைப் போலத்தான், இன்றைக்கு உதவாது.

கேள்வி (திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் பஸ்ஸில் செல்பவர்): கூட்டத்தில் ஒருவன் என் பையருகே மிஷினைக் கொண்டுவந்து பணத்தை எடுத்துவிட முடியுமா?

பதில்: முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மிஷின் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். பர்ஸில் இரண்டு மூன்று கார்டுகள் அடுக்கியிருந்தால் அது குழம்பிப் பெரும்பாலும் நின்றுவிடும். இவற்றைவிட முக்கியமானது, அந்த மிஷின் அடையாளச் சான்றுகள் கொடுத்துத் திறந்த ஒரு வங்கிக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்பது. திருடியவனின் விலாசம் வங்கியிலேயே கிடைத்துவிடும். பர்ஸையே உருவிக்கொள்வது அவனுக்கு எளிது. உங்களுக்கு உண்மையான ஆபத்தும் அதுதான். பின் எண் இல்லாமல் ஒரு முறைக்கு 2,000 ரூபாய் வரை என்றிருந்த உச்சவரம்பை, ரிசர்வ் வங்கி 2021 ஜனவரி 1 முதல் 5,000 ஆக உயர்த்தியது. ஆகவே தொலைந்த கார்டை நீங்கள் முடக்கும்வரை, எடுத்தவர் அதை ஏதாவது ஒரு கடையில் காட்டிப் பொருள் வாங்கலாம்.

கேள்வி (தண்டையார்பேட்டை கல்லூரி மாணவி): என் தோழி தன் போனை என் கார்டின் மேல் வைத்தாள், எண் திரையில் வந்துவிட்டது. பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான் அம்மா. என் கார்டிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்: கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் வந்தன. பின்புறம் அச்சிட்ட மூன்று இலக்க சிவிவி எண்ணோ பின் எண்ணோ இவ்வழியில் வராது. நம் நாட்டு இணையதளங்களில் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் பெரும்பாலும் பணம் போகாது என்றாலும், வெளிநாட்டுத் தளங்கள் பல அதைக் கேட்பதில்லை. சிவிவி கூடக் கேட்காத தளங்களும் உண்டு. எனவே வங்கிச் செயலியில் ‘வெளிநாட்டுப் பயன்பாடு’ என்பதை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே திறக்கவும் மூடவும் வாடிக்கையாளருக்கு வழி செய்ய வேண்டும் என்று 2020 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை இதுவரை திறந்தே பார்க்காதவர்களைத்தான் நான் அதிகம் சந்திக்கிறேன்.

கேள்வி (காலடிப்பேட்டை இல்லத்தரசி): நான் என்ன வாங்கினேன் என்பது வங்கிக்குத் தெரியுமா?

பதில்: எந்தக் கடை, எவ்வளவு, எந்த நேரம் என்பவை தெரியும், புடவையா போர்வையா என்பது தெரியாது. ஆனால் கடை, தொகை, நேரம் ஆகிய மூன்றும் ஆறு மாதம் சேர்ந்தால், மாதந்தோறும் நீங்கள் எந்த மருந்துக்கடைக்கு, எந்தத் தேதியில் போகிறீர்கள் என்பது வரை ஒருவரால் வாசித்துவிட முடியும். அதைவிட எனக்கு உறுத்துவது, பில் போடும்போது கேட்கப்படும் கைபேசி எண். வங்கிக்குத் தெரியாத பொருள் பட்டியலைக் கடை அந்த எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. கொடுக்க விருப்பமில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (விம்கோ நகர் மெட்ரோ பயணி): மெட்ரோவிலும் பஸ்ஸிலும் காட்டும் சிங்காரச் சென்னை பயண கார்டும் இப்படித்தானா?

பதில்: தொட்டுக் காட்டும் முறை ஒன்றே. ஆனால் பயணத்துக்கான இருப்பு சிப்பிலேயே இருப்பதால், அது தொலைந்தால் கையிலிருந்த ரொக்கம் தொலைந்தது போலத்தான். ஏறிய இடமும் இறங்கிய இடமும் பதிவானால்தான் கட்டணம் கணக்கிட முடியும். உங்கள் பெயரிலோ கைபேசி எண்ணிலோ பதிந்து வாங்கிய கார்டு என்றால் அந்தப் போக்குவரத்தும் உங்களோடு சேர்ந்தே பதிவாகிறது.

கேள்வி (ராயபுரம், ஓய்வுபெற்றவர்): நான் செய்யாத செலவுக்குக் குறுஞ்செய்தி வந்தால்?

பதில்: முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு இணையவழிப் பண மோசடிகளுக்கான அரசு உதவி எண்ணான 1930-இல் புகார் சொல்லுங்கள், வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். உங்கள் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் பணம் போயிருந்து, வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், 2017 ஜூலை மாத ரிசர்வ் வங்கி விதிப்படி இழப்பு உங்களைச் சேராது. நான்காம் நாளிலிருந்து ஒரு பங்கு உங்கள் தலையில் விழத் தொடங்கும். குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் இதில் எதுவும் பயன்படாது, ஐயா. ஆகவே வங்கியில் உங்கள் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள்.