அசல் காரா, அசல் போல ஒன்றா? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அப்பா இந்த வருஷம் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் பழைய கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஃபீனிக்ஸில் ஒருவர் 1991ஆம் வருஷத்து பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் வைத்திருக்கிறார். பாலிட்டோவில் இன்னொருவரிடம் வெள்ளி நிற போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் இருக்கிறது. இரண்டுமே அசல் என்று சொல்கிறார்கள். வீட்டில் யாருக்கும் மெக்கானிக் வேலை தெரியாது. நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: பாதிக்கு மேல் நீங்களே தெரிந்துகொள்ளலாம். மீதிக்கு ஒரு மெக்கானிக்கை அரை நாள் கூட்டிப் போக வேண்டியிருக்கும். அந்தக் கூலியைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டை, ஸ்டீயரிங், வீல், கோடு, ஸ்பாய்லர் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். கண்ணில் படுகிற இடத்தில் செலவு செய்கிறவர், கண் படாத இடத்தில் செலவு செய்ய மாட்டார். அதனால் பெயிண்ட் பளபளப்பையும் பெயர்ப் பட்டையையும் விட்டுவிட்டு, கம்பளத்துக்கு அடியிலும் சீட்டுக்குப் பின்னாலும் காருக்குக் கீழேயும் பாருங்கள்.

அதற்கும் முன்னால், முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் டிஸ்க். யாரிடமும் அனுமதி கேட்காமல் படிக்கலாம். தயாரிப்பாளர் பெயர், சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) எண், இன்ஜின் எண், வண்டியின் பதிவேட்டு எண், வண்டியின் எடை எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் வண்டியின் நிலை என்று ஒரு வரி இருக்கும். சாதாரணமாகப் பல கை மாறிய வண்டி கோட் 2. கட்டியமைத்த வண்டியும், விபத்தில் உருக்குலைந்து மறுபடி கட்டிய வண்டியும் கோட் 3. கோட் 3 என்றிருக்கிற வண்டியை "அப்படியே தொழிற்சாலையிலிருந்து வந்தது" என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் அவர் சொல்வதை நம்பிப் பேசத் தேவையில்லை.

ஸ்பீட்ஸ்டர் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். போர்ஷே அந்த மாடலை 1954 முதல் 1958 வரைதான் செய்தது, உலகம் முழுவதற்கும் சில ஆயிரம் கார்கள்தான். இன்றைக்கு ஓடுகிற ஸ்பீட்ஸ்டர்களில் பெரும்பாலானவை ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சேசிஸின் மேல் ஃபைபர்கிளாஸ் உடலை ஏற்றியவை. அசலின் உடல் எஃகு. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவிலும் மட்கார்டிலும் வைத்துப் பாருங்கள். எங்குமே ஒட்டவில்லை என்றால் அது ரெப்ளிகா, அதாவது அசலைப் பார்த்துச் செய்த நகல். இங்கொன்றும் அங்கொன்றும் ஒட்டாமல் விட்டால், அந்த இடத்தில் துருவை வெட்டி எடுத்துப் புட்டி பூசியிருக்கலாம். டர்பன் கடல் காற்றில் நின்ற காருக்கு அது சகஜம், அதனால் மட்டும் பயப்பட வேண்டாம்.

கூடவே ஒரு டேப் கொண்டுபோங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அசல் 356-ல் 2,100 மில்லிமீட்டர். பீட்டிலில் 2,400. நல்ல ரெப்ளிகா செய்கிறவர்கள் பீட்டில் சேசிஸை வெட்டிக் குறுக்குவார்கள், ஆகவே 2,100 வந்துவிட்டது என்பதற்காக அசல் என்று சொல்ல முடியாது. வரவில்லை என்றால் அசல் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பின் சீட் இருக்க வேண்டிய இடத்தில் கம்பளத்தைத் தூக்கி, தரையின் நடுவில் நீளமாக ஓடும் மேட்டைப் பாருங்கள். பீட்டிலின் சேசிஸ் எண் அடிக்கிற இடம் அதுதான். அங்கே எண் இருந்தால் கேள்விக்குப் பதில் கிடைத்தாயிற்று. அசல் காரில் இன்னொரு அழகான அடையாளம் உண்டு: சேசிஸ் எண்ணின் கடைசி இரண்டு மூன்று இலக்கங்களைக் கதவு, முன் மூடி, இன்ஜின் மூடி ஆகியவற்றின் உட்புறத்தில் சின்னதாக அடித்திருப்பார்கள். ஒவ்வொரு காரின் மூடியையும் அந்தக் காருக்கே கையால் பொருத்திய காலம் அது.

பாலிட்டோ காரின் விலையை நீங்கள் எழுதவில்லை. அசல் ஸ்பீட்ஸ்டர் உலகச் சந்தையில் நல்ல வீட்டின் விலைக்குப் போகிறது. உங்கள் அப்பாவின் ஓய்வுப் பணத்துக்குள் அடங்குகிற விலையை அவர் கேட்கிறார் என்றால், அதுவே பாதிப் பதில்.

காந்தத்தை எல்லாக் காருக்கும் நம்பிவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணங்களில் கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்திருப்பீர்கள். 1960களில் செய்த அசல் கோப்ராக்கள் ஏறக்குறைய ஆயிரம்தான். அவற்றின் உடல் அலுமினியம். அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, ஃபைபர்கிளாஸிலும் ஒட்டாது. அங்கே மட்கார்டுக்கு உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும்: ஃபைபர்கிளாஸின் உட்புறம் நார் நெசவோடு சொரசொரப்பாக இருக்கும், அலுமினியம் வழுவழுப்பாகச் சில்லென்று இருக்கும். நம் நாட்டில் பார்க்கிற கோப்ரா ரெப்ளிகாதான் என்று முதலில் எடுத்துக்கொள்வதே நல்லது. டர்பனிலும் கெபெர்ஹாவிலும் இருக்கிற தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்கே கோப்ரா ரெப்ளிகா செய்து அனுப்புகின்றன. மிக நேர்த்தியான வேலை, நமக்குப் பெருமையான விஷயமும்கூட. அவர்கள் அதை ரெப்ளிகா என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டு மூன்று கை மாறிய பிறகுதான் "1965 அசல்" என்ற கதை முளைக்கிறது.

இனி ஃபீனிக்ஸ் கார். நிதானமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்பீட்ஸ்டரைப் போல உடலே வேறு என்றால் கண்டுபிடிப்பது சுலபம். 325ஐஎஸ் விஷயத்தில் உடல் அசல் பிஎம்டபிள்யூ, இன்ஜினும் அசல் பிஎம்டபிள்யூ. சாதாரண 318ஐ அல்லது 320ஐ எடுத்து, பாடிகிட் மாட்டி, பெரிய இன்ஜின் இறக்கினால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

325ஐஎஸ் நம் நாட்டுக்கே உரிய கார். இங்குள்ள பந்தயத்தில் ஓட்டுவதற்காக பிரிட்டோரியா பக்கம் ரோஸ்லின் தொழிற்சாலையில் செய்து, இங்கேயே விற்றார்கள். எல்லோரும் தேடுவது 2.7 லிட்டர் இன்ஜின் உள்ளவற்றை, ஈவோ என்று சொல்வார்கள். டவுன்ஷிப்புகளில் இந்த வகைப் பெட்டி வடிவ பிஎம்டபிள்யூவுக்கு குஷேஷே என்று பெயர். அதைச் சுற்றி இருக்கிற பாசமும் விலையும்தான் போலிகளுக்கும் காரணம்.

முதலில் கதவை எண்ணுங்கள். அசல் 325ஐஎஸ் இரண்டு கதவு மட்டும்தான். அடுத்து பின்பக்கம். 1987 கடைசியில் இந்த மாடல் முகம் மாறியது. பின் விளக்குகள் பெரிதாகின, பம்பர் உலோகத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1991 என்று சொல்கிற கார் புதிய வகையாகத்தான் இருக்க வேண்டும். பழைய உடலில் புதிய பம்பர் மாட்டலாம், ஆனால் பெரிய விளக்குக்காகப் பின் தகட்டையே மாற்ற வேண்டும், பற்றவைத்த தடம் டிக்கிக் கம்பளத்துக்குப் பின்னால் தெரியும். டார்ச் கொண்டுபோங்கள்.

பிறகு தேதிகள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஒரு பைசா செலவு இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். அடியில் துணியில் தைத்த சின்னப் பட்டையில் அது செய்த வருஷம் இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் சின்ன எழுத்துகளிலும் வருஷக் குறியீடு உண்டு. டேஷ்போர்டு, காற்று வடிகட்டிப் பெட்டி போன்ற பிளாஸ்டிக் பாகங்களின் உட்புறத்தில் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும், நடுவில் வருஷம், சுற்றி மாதங்கள். 1991 காரில் இவை எல்லாம் 1990, 1991 என்று வர வேண்டும். ஒரு கண்ணாடி மட்டும் மாறியிருந்தால் கல் பட்டு உடைந்திருக்கும், விட்டுவிடலாம். நான்கு சீட் பெல்ட்டும் 1986 என்றால் அந்தக் கார் 1986இல் பிறந்தது. கார் ஜோடிக்கிறவர்கள் ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் பணம் செலவழிப்பார்கள், சீட் பெல்ட்டின் அடிப் பட்டையை மாற்ற யாருக்கும் தோன்றாது.

அடுத்து மெக்கானிக்கின் வேலை. அசல் 325ஐஎஸ்ஸில் லிமிடெட் ஸ்லிப் டிஃப் உண்டு. டிஃப் என்பது இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. இந்த வகையில் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பும் இருக்கும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடச் சொல்லுங்கள். ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றதும் அதே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் உள்ளே இருப்பது சாதாரண டிஃப், இல்லை தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். சந்தேகம் வந்தால் டிஃப்பின் பின் மூடியில் தொங்கும் உலோகத் துண்டைத் துடைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எண்ணுக்கு முன்னால் எஸ் எழுத்து இருந்தால் லிமிடெட் ஸ்லிப்தான். கீழே இருக்கும்போதே பின் பிரேக்கையும் பார்த்துவிடலாம். டிரம் இருந்தால் அது சின்ன இன்ஜின் காராக வாழ்க்கையைத் தொடங்கியது. 325ஐஎஸ்ஸில் டிஸ்க்தான்.

இன்ஜினை வெளியே பார்த்து 2.5ஆ 2.7ஆ என்று நானே சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே குடும்பம், சிலிண்டரின் அகலம் இரண்டிலும் 84 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 75, 81 என்று வேறுபடும். இந்த இன்ஜினில் வருஷக்கணக்கில் கை வைத்தவர் பார்த்துச் சொல்லட்டும். ஈவோக்களில் உடல் தகடுகள் சிலவற்றை அலுமினியத்தில் செய்தார்கள், அங்கே காந்தம் மறுபடி உதவும். ஆனால் அடிபட்டு எஃகுத் தகடு மாட்டிய அசல் கார்களும் நிறைய உண்டு, அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

இதற்கு முந்திய பிஎம்டபிள்யூ 333ஐ காரை யாராவது காட்டினால் ஒரு சுலபமான கேள்வி இருக்கிறது. 3.2 லிட்டர் இன்ஜினை அந்தச் சின்ன இடத்தில் திணித்ததால், பவர் ஸ்டீயரிங் அல்லது ஏசி, இரண்டில் ஒன்றுதான் வைக்க முடிந்தது. இரண்டும் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால், பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எப்போது, ஏன் என்று கேளுங்கள். ஃபோர்ட் கப்ரி பெரானாவிலும் இதே கவனம் வேண்டும். பேசில் கிரீன் என்பவர் 1970களின் தொடக்கத்தில் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் போட்டு விற்ற காரும், போன வருஷம் யாரோ வி8 போட்ட கப்ரியும் ஓட்டுவதற்கு ஒரே மாதிரி இருக்கலாம். விலை ஒரே மாதிரி இருக்கக் கூடாது.

சேசிஸ் எண்ணைக் கடைசியாகச் சொல்கிறேன், இதில் மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். இன்ஜின் அறையில் உடல் தகட்டில் அடித்த எண்ணை, லைசென்ஸ் டிஸ்க்கிலும் பதிவுச் சான்றிதழிலும் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த மேடு, அரைத்த தடம், அங்கே மட்டும் புதுப் பெயிண்ட், வரிசை தவறிய எழுத்துகள் இருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். இந்த வகைக் கார்கள் ஒரு காலத்தில் ஏராளமாகத் திருடு போயின. எண் திருத்திய வண்டியை வைத்திருப்பதே இந்த நாட்டில் குற்றம். போலீஸ் எடுத்துப்போனால் உங்கள் அப்பா கையில் காரும் இருக்காது, பணமும் இருக்காது. இன்ஜின் எண் மட்டும் வேறாக இருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். முப்பது வருஷக் காரில் இன்ஜின் மாறுவது இயல்பு. மாற்றியதற்குப் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கிப் பதிவில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் பெயர் மாற்றப் போனால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

பார்த்து முடித்த பிறகு ரெப்ளிகா என்று தெரிந்தால் அப்பா மனம் உடைய வேண்டியதில்லை. நன்றாகக் கட்டிய ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிகாவுக்குப் பீட்டில் பாகங்கள் இங்கே எந்த மூலையிலும் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை உம்லாங்கா வரை ஓட்டிப் போகப் பயப்பட வேண்டாம். ரெப்ளிகாவின் விலைக்கு வாங்க வேண்டும், இன்சூரன்ஸிலும் ரெப்ளிகா என்றே எழுத வேண்டும். வாங்குவதற்கு முன் மே மாதம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடக்கும் கார்ஸ் இன் த பார்க்குக்கு அப்பாவைக் கூட்டிப் போங்கள். ஒரே இடத்தில் அசலும் ரெப்ளிகாவும் நிற்கும், உரிமையாளர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். கண் பழக அதைவிட நல்ல இடம் இல்லை.

விற்கிறவர் ஒப்பந்தத்தில் ஃபூட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வார்த்தை போடுவார், இருக்கிற நிலையில் வாங்கிக்கொள் என்று பொருள். போடட்டும். தெரிந்தே மறைத்ததையும், பொய்யான விவரத்தையும் அந்த வார்த்தை காப்பாற்றாது. அதற்கு, அவர் என்ன சொல்லி விற்றார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "1991 பிஎம்டபிள்யூ 325ஐஎஸ், தொழிற்சாலையிலேயே 325ஐஎஸ்ஸாகச் செய்தது, 2.7 லிட்டர், சேசிஸ் எண் இது, இன்ஜின் எண் இது" என்று முழுதாக எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். அசல் என்று வாயால் சொன்னவர் அந்த வரியில் கையெழுத்துப் போடத் தயங்கினால், முன்பணம் கொடுக்காதீர்கள்.