அந்தமானுக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்

கேள்வி (வாசகி, திருச்சி): பொங்கல் விடுமுறையோடு சேர்த்து ஐந்து இரவுகள் அந்தமான் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், ஆறாவது படிக்கும் மகன், கைக்குழந்தையாக மகள், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். விமான டிக்கெட் நாங்களே எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் சேர்த்துப் பெரியவர்களுக்குத் தலைக்கு 24,000 ரூபாய், மகனுக்கு 15,000 என்று ஒரு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் கோட்டேஷன் அனுப்பியிருக்கிறார். மகளுக்குப் பணம் வேண்டாமாம். இன்றே பாதிப் பணம் கட்டாவிட்டால் ரேட் ஏறிவிடும் என்கிறார். மகளுக்கு ஜனவரி 16-ல் இரண்டு வயது முடிகிறது. கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள் அம்மா. மொத்தம் 1,11,000 ரூபாய். அதில் பாதி, 55,500. நீங்கள் இணைத்து அனுப்பியிருந்த கோட்டேஷனைப் பார்த்தேன். ஓட்டல் நீச்சல் குளத்துக்கு நான்கு படம் இருக்கிறது. ஃபெர்ரி, அதாவது தீவுக்குத் தீவு போகும் பயணிகள் படகு பற்றி இருப்பது ஒரே வரி: "ஃபெர்ரி உண்டு." எனக்குக் கவலை தருவது அந்த வரிதான்.

அந்தமான் போகும் குடும்பம் உண்மையில் வாங்குவது கடல் கடக்கும் சீட்டுகளை. அறை ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும். தலைநகர் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவு, அங்கிருந்து நீல் தீவு, நீலிலிருந்து திரும்பப் போர்ட் பிளேர் என்ற மூன்று பயணத்தில் ஒன்றுக்குச் சீட்டு இல்லாவிட்டாலும் மொத்தத் திட்டமும் குலைந்துவிடும். பொங்கல் வாரம் போன்ற நாட்களில் அந்தச் சீட்டுகள்தான் முதலில் தீரும்.

சில வருஷங்களுக்கு முன் என் வீட்டிலேயே இது நடந்தது. ஹேவ்லாக் படகுத்துறையில் நீல் தீவுக்குப் போக நிற்கிறோம். ஏஜென்ட்டின் ஆள் பெயர்ப் பட்டியலோடு வந்தார். என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர் எல்லாம் இருந்தன. அம்மாவின் பெயர் இல்லை. "அவங்களை அடுத்த படகில் அனுப்பிவிடுகிறேன் சார்" என்றார், ஏதோ பார்சலைச் சொல்வதுபோல. அம்மாவுக்கு அப்போது 72 வயது, தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. அவருடைய சர்க்கரை மாத்திரை டப்பா இருந்த பை ஏற்கெனவே தள்ளுவண்டியில் ஏறிப் படகுக்குள் போய்விட்டது. மனைவியையும் மகளையும் அனுப்பிவிட்டு நானும் அம்மாவும் நாலு மணி நேரம் படகுத்துறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து டீக்கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அம்மாவின் பேச்சைக் கேட்டதும் வீட்டிலிருந்து இட்லி வரவழைத்துக் கொடுத்தார். அறைகளை எல்லாம் முன்கூட்டியே போட்ட ஏஜென்ட், ஃபெர்ரிச் சீட்டை மட்டும் முதல் நாள்தான் வாங்கியிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது.

அதனால் ஏஜென்ட்டிடம் கேட்க வேண்டியது இது. எந்த ஃபெர்ரி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். மேக்ரஸ், நாட்டிகா, கிரீன் ஓஷன் போன்ற தனியார் ஃபெர்ரிகள் இருக்கின்றன. அரசுப் படகுகளும் இருக்கின்றன. தனியார் ஃபெர்ரி ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரத்தில் போய்விடும். அரசுப் படகில் கட்டணம் குறைவு, நேரம் கூடும். இரண்டுக்கும் விலை வேறு என்பதால் "உண்டு" என்ற ஒரு சொல்லுக்குப் பணம் கட்ட முடியாது. முன்பணமாகச் சிறு தொகை கொடுங்கள். ஆறு பேர் பெயரும் அச்சிட்ட ஃபெர்ரிச் சீட்டு கைக்கு வந்த பிறகு அடுத்த தவணை என்று சொல்லுங்கள். நேர்மையாகத் தொழில் செய்கிறவர் இதற்குச் சம்மதிப்பார். கைக்குழந்தைக்கும் பெயர் போட்ட சீட்டு வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள்.

சீட்டில் ஊர்ப் பெயர் மாறியிருந்தால் பதற வேண்டாம். ஹேவ்லாக் 2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு, நீல் ஷகீத் தீவு. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். பேச்சில் எல்லாரும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தில் இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத்தான் மடியில் வைத்துக்கொள்ளும் கட்டணம். பயணம் செய்யும் நாளன்று உள்ள வயதுதான் கணக்கு. நீங்கள் 13-ஆம் தேதி போய் 18-ஆம் தேதி திரும்பினால், போகும்போது அவள் கைக்குழந்தை, வரும்போது தனி இருக்கைக்குரிய பயணி. போக வரச் சேர்த்துக் கைக்குழந்தை டிக்கெட் எடுத்துவிட்டுத் திரும்பும் நாளில் விமான நிலையக் கவுன்டரில் நின்றால், அன்றைய விலைக்கு இருக்கை வாங்க வேண்டிவரும். இருக்கையே இல்லாமலும் போகலாம். பிறந்தநாளுக்கு முன்பே திரும்ப முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் திரும்பும் டிக்கெட்டை இப்போதே இருக்கையோடு எடுங்கள்.

ஐந்து இரவுகளை எப்படிப் பிரித்திருக்கிறார் என்றும் பாருங்கள். கடைசி இரவை நீல் தீவில் போட்டு, மறுநாள் காலை ஃபெர்ரியில் வந்து மதியம் விமானம் என்றிருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளவே கூடாது. கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி நின்றுவிடும், விமானம் உங்களுக்காக நிற்காது. கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்கட்டும். முதல் இரவு அங்கே, ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று, கடைசியாகத் திரும்பவும் போர்ட் பிளேர் என்றால் வயதானவர்களுக்கும் மூச்சு வாங்காது. செல்லுலார் சிறையை அந்தக் கடைசி நாளில் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் "மதியம் ஹேவ்லாக் வருகை, ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று எழுதியிருக்கிறார். அந்தமான் நம் ஊருக்கு வெகு கிழக்கே இருந்தும் கடிகாரம் நம்முடையதுதான். ஜனவரியில் ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்கு இறங்கிச் சாப்பிட்டு அறை எடுத்துக் கொஞ்சம் படுத்து எழுந்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலை ஃபெர்ரி கேளுங்கள்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைப் பயணத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். விடிவதற்கு வெகு முன்பே கிளம்பி, வாகன வரிசையில் காத்திருந்து, ஒரே நாளில் போய் வர வேண்டும். குழந்தைக்கும் மாமியாருக்கும் அது தண்டனை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் போகிறது. வழியில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் சட்டப்படி குற்றம். "ஜாரவாக்களைப் பார்க்கலாம்" என்று ஆசை காட்டி விற்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் எதையுமே வாங்காதீர்கள். மனிதர்கள் காட்சிப் பொருள் இல்லை.

சாப்பாட்டில் சி.பி. என்றால் காலை உணவு மட்டும், எம்.ஏ.பி. என்றால் காலையும் இரவும், ஏ.பி. என்றால் மூன்று வேளையும். உங்களுக்குப் போட்டிருப்பது சி.பி. அந்த விலைக்கு அது சரிதானா என்று இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். "அல்லது அதற்கு இணையான ஓட்டல்" என்ற வரியை அடித்துவிட்டு ஓட்டல் பெயரை எழுதச் சொல்லி, அந்த ஓட்டலுக்கே போன் செய்து உங்கள் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பணத்தைத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அவர் தரும் ஜிஎஸ்டி எண் யார் பெயரில் இருக்கிறது என்று ஜிஎஸ்டி இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

கேள்வி (வாசகர், மதுரை): சென்ற மாதம் அந்தமான் போனோம். மழை, காற்று என்று ஹேவ்லாக்கிலிருந்து நீல் போகும் ஃபெர்ரியை ரத்து செய்துவிட்டார்கள். ஹேவ்லாக்கிலேயே கூடுதலாக ஒரு இரவு சொந்தச் செலவில் தங்கினோம். நீல் ஓட்டல் பணம், ஃபெர்ரிப் பணம் எதுவும் திரும்பாது, இயற்கைக்கு நான் பொறுப்பில்லை என்கிறார் ஏஜென்ட். போன் செய்தால் எடுப்பதும் இல்லை.

பதில்: இயற்கைக்கு அவர் பொறுப்பில்லை என்பது சரி. ஆனால் உங்கள் பணத்துக்கு அவர் பொறுப்பு. இந்த இரண்டையும் அவர் குழப்புகிறார்.

ஃபெர்ரி நிறுவனமே ரத்து செய்த பயணத்துக்கு டிக்கெட் பணம் திரும்ப வந்திருக்கும். வந்த பணத்தை அவர் தன் பையில் வைத்துக்கொள்ள முடியாது. நீல் ஓட்டலுக்கு அவர் உண்மையில் எவ்வளவு கட்டினார், ஓட்டல் எவ்வளவு பிடித்துக்கொண்டது என்பதற்கு ரசீது கேளுங்கள். ஓட்டல் முழுதாகப் பிடித்திருந்தால் அந்தத் தொகையை வாங்குவது கஷ்டம், அதை மறைக்காமல் சொல்கிறேன். பிடிக்காவிட்டால் அதுவும் உங்களுடையது. அன்று இரவு உங்களுக்கு அறை பார்த்துத் தராமல் போனை அணைத்து வைத்தார் பாருங்கள், அது தனியாக ஒரு சேவைக் குறைபாடு. அதற்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை.

முதலில் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் கணக்கோடு எழுதி 15 நாள் கெடு கொடுங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் போர்ட் பிளேரில் இருந்தாலும் நீங்கள் அங்கே ஓட வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் உங்கள் விருப்பம்தான். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஃபெர்ரி ரத்தான குறுஞ்செய்தி, கூடுதல் இரவுக்கான ஓட்டல் பில், ஏஜென்ட்டுக்கு அழைத்த பதிவுகள் எல்லாவற்றையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். போன் மாற்றும்போது தொலைந்துபோவது இவைதான்.

விமானத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். விமானத்தையே நிறுவனம் ரத்து செய்தால், வானிலை காரணமாக இருந்தாலும், மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். நீங்களாக ரத்து செய்தாலும் வரிகளும் விமான நிலையப் பயன்பாட்டாளர் கட்டணமும் திரும்ப வர வேண்டும். ஏஜென்ட் வழியாக வாங்கிய டிக்கெட்டுக்கும் பணம் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்று விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் விதி சொல்கிறது.

கேள்வி (வாசகர், ஆவடி): மத்திய அரசு ஊழியன். எல்டிசி-யில் (விடுமுறைப் பயணச் சலுகை) குடும்பத்தோடு அந்தமான் போகிறேன். விமானம், ஓட்டல், ஃபெர்ரி எல்லாம் சேர்த்த தனியார் பேக்கேஜ் எடுத்தால் பணம் கிடைக்குமா?

பதில்: எடுக்காதீர்கள். விமான டிக்கெட்டை ஐஆர்சிடிசி, பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ் மூன்றில் ஒன்றில்தான் எடுக்க வேண்டும். ஓட்டலுக்கும் ஊர் சுற்றுவதற்கும் எல்டிசி-யில் பணம் கிடையாது. டிக்கெட்டைத் தனியாக எடுத்துவிட்டு, தீவுக்குள் மட்டும் பேக்கேஜ் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): சென்னையிலிருந்து கப்பலில் போனால் செலவு குறையும் என்கிறார்களே?

பதில்: டிக்கெட் செலவு குறையலாம். ஆனால் ஒரு வழிக்கே ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். மாதத்துக்குச் சில கப்பல்கள்தான். பத்து நாள் விடுமுறையில் ஆறு நாள் கடலிலேயே போய்விடும், குழந்தைகளுக்கு வாந்தி வந்தால் இறங்கவும் முடியாது. தீவில் வாழும் நம் மக்களுக்கு அந்தக் கப்பல்தான் ஊருக்கு வரும் பஸ். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அதில்தான் பலர் வந்து போகிறார்கள். கடல் பயணத்துக்காகவே ஒருமுறை போக ஆசை என்றால் போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வாசகர், கோவை): ஸ்கூபா டைவிங்குக்கு முன்கூட்டியே பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு, மகனுக்கு 9 வயது.

பதில்: கட்டாதீர்கள். கடலில் இறங்கும் ஸ்கூபாவுக்குப் பொதுவாக 10 வயது முடிந்திருக்க வேண்டும். "பரவாயில்லை, இறக்கிவிடுகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை விட்டு விலகுங்கள். மகனுக்கு ஆழம் குறைந்த இடத்தில் ஸ்நார்க்கலிங் (குழாய் வழியே மூச்சுவிட்டு மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது) போதும், லைஃப் ஜாக்கெட்டோடு. உங்களுக்கு டாக்டரின் எழுத்துச் சான்று வேண்டும். இறங்குவதற்கு முன் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். பணம் போய்விடுமே என்று அதில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பணம் கட்டாதீர்கள் என்று நான் சொல்வதே அதற்காகத்தான். நேரில் போய், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, கரையிலிருந்து இறங்குவதா படகிலிருந்தா, வீடியோவுக்குத் தனிப் பணமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். டைவ் செய்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. அதனால் கடைசி நாள் காலையில் வைக்காதீர்கள்.

கேள்வி (வாசகி, வேலூர்): கரையில் கிடக்கும் சங்கு, பவளத்துண்டு எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. பவளமும் பல வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் செத்துக் கிடந்தது என்று சொன்னாலும் விமான நிலையத்தில் பறிமுதல்தான், மேல் நடவடிக்கையும் வரலாம். பிள்ளைகளின் பாக்கெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆசையாக இருந்தால் போர்ட் பிளேரில் சாகரிகா என்ற அரசு விற்பனை நிலையத்தில் பில்லோடு வாங்கலாம். அந்தப் பில்லைப் பெட்டிக்கு அடியில் போடாமல் கைப்பையில் வையுங்கள், ஸ்கேனர் பக்கத்தில் கேட்பார்கள்.