உங்கள் வட்டாரத்து நாட்டார் இசையைத் தேடிக் கண்டடைவது எப்படி?

"எங்கள் பகுதியின் நாட்டார் இசையையும் மின்கருவிகள் இல்லாத அக்கூஸ்டிக் இசையையும் எங்கே தேடுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இசைக்கருவி செய்பவரிடமிருந்து தொடங்குங்கள். தந்தி மாற்றவும் தோல் இழுத்துக் கட்டவும் கலைஞர்கள் அவரிடம்தான் வருகிறார்கள். யார் நன்றாக வாசிக்கிறார், யார் கற்றுத்தருகிறார், அடுத்து எங்கே கூடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். பொது நூலகத்தையும் உள்ளூர் வானொலியையும் விசாரியுங்கள்.

பழைய ஒலிப்பதிவுகள் பல நேரம் ஊரிலேயே இருப்பதில்லை. பதிவுசெய்தவர்கள் வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் என்றால், அவை தொலைதூரக் காப்பகங்களில் உறங்கும். வியன்னாவின் ஒலிக் காப்பகம் 1899இல் தொடங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் பாடல் காப்பகம் 1928இல். அமெரிக்க நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ் பல நாடுகளில் பதிவுசெய்த ஆயிரக்கணக்கான பாடல்களை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். ஊர், மொழி, கருவி ஆகியவற்றின் பெயர்களைப் பழைய எழுத்துக்கூட்டலிலும் தேடிப்பாருங்கள். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, முதிய பாடகர்களை நேரில் சென்று கேட்பது. அனுமதி பெற்றுப் பதிவுசெய்யுங்கள். பாடுபவர் பெயரையும் நாளையும் இடத்தையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்திடம் கட்டாயம் கொடுங்கள்.