கடலூரில் வீட்டு மாடியில் சோலார் போடலாமா? கரண்ட் போனாலும் ஓடும், அக்னி நட்சத்திரத்தில்தான் உற்பத்தி அதிகம், புயல் வந்தால் பறந்துவிடும் என்கிறார்களே, எது உண்மை?

தாராளமாகப் போடலாம். ஆனால் நீங்கள் கேள்விப்பட்ட மூன்றும் தவறு. தேவனாம்பட்டினம் பக்கம் வீடு, 3 கிலோவாட் என்று எழுதியிருக்கிறீர்கள். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியது வேறு, விருத்தாசலத்துக்காரருக்குச் சொல்வது வேறு.

முதலில் கரண்ட். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் மானியத்தில் பெரும்பாலும் போடப்படும் ஆன்-கிரிட் சிஸ்டம், அதாவது மின்வாரிய லைனோடு இணைத்தது, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். உச்சி வெயிலாக இருந்தாலும் ஒரு ஃபேன்கூட ஓடாது. இது கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் மாடிக் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. கரண்ட் கட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடும் லைனோடும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் இன்வர்ட்டரும் பேட்டரியும் வேண்டும், செலவு நன்றாக ஏறும். லைட், ஃபேனுக்கு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண இன்வர்ட்டரே போதும். அதை எடுக்காதீர்கள். ஆனால் சோலார் லைனை மெயின் போர்டு பக்கம்தான் சேர்க்க வேண்டும். அந்தப் பழைய இன்வர்ட்டரின் அவுட்புட்டில் சேர்த்தால் அது புகைந்துவிடலாம்.

அடுத்தது வெயில். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. அதில் எழுதியிருக்கும் வாட் கணக்கு, பேனலுக்குள் கரண்ட் உண்டாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் செல் 60 டிகிரியைத் தாண்டும். டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்றால் 12 சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது. சூடு ஏறினால் உற்பத்தி குறையத்தான் செய்யும். அதனால் பேனலுக்கு அடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும். 3 கிலோவாட்டுக்கு வருஷ சராசரியாக நாளுக்கு 12 யூனிட் என்று கணக்குப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது.

இப்போது புயல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-ல் ‘ஃபெஞ்சல்’ புயல் என்று இந்தக் கரை பார்க்காத காற்று இல்லை. பேனலை நல்லபடியாகப் பிடித்து வைத்திருந்தால் அது பறக்காது. பிடிமானம் விட்டால்தான் பறக்கும். பலர் மாடியில் பதித்த தட்டோட்டின் மேலேயே துளை போட்டு 4 அங்குல போல்ட்டை இறக்கிவிடுகிறார்கள். அந்த ஓடு, அதற்கடியில் சுருக்கி எனப்படும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புப் படுகை என்று சேர்ந்தே 3, 4 அங்குலம் வந்துவிடும். அந்த போல்ட்டு கான்கிரீட்டைத் தொடவே இல்லை! போதாததற்கு அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி ஒழுகும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு காலுக்கும் ஓர் அடி சதுரத்துக்குத் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் தளம் தெரியும்வரை போக வேண்டும். அதில் துளையிட்டு, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, கெமிக்கல் ஆங்கர் (ரசாயனப் பசையால் கான்கிரீட்டில் பிடிக்கும் போல்ட்டு) வைத்து, மேலே பெடஸ்டல் என்னும் சின்னக் கான்கிரீட் மேடை கட்டி, சுற்றிலும் வாட்டர்ப்ரூஃபிங் செய்ய வேண்டும். தெற்குப் பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும். கீழே துணி காயப்போட வசதி என்று எட்டடிக்குத் தூக்கினால் காற்று அடியில் புகுந்து மேலே தள்ளும் விசையை கால்களும் ஆங்கரும் தாங்க வேண்டும். அப்படித் தூக்கத்தான் வேண்டுமென்றால் விநாடிக்கு 50 மீட்டர் காற்றுக்குக் கணக்குப் போட்ட டிசைனை எழுத்தில் வாங்குங்கள். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் துளையே போடக் கூடாது, பொறியாளர் ஒருவர் ஏறிப் பார்க்கட்டும்.

புயலைவிட மெதுவாக, ஆனால் நிச்சயமாகத் தின்பது உப்புக் காற்று. பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர் ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) செய்ததா, பூச்சு 80 மைக்ரான் இருக்கிறதா என்று கேளுங்கள். மாடியில் வைத்து வெட்டிய, துளையிட்ட இடமெல்லாம் துத்தநாகம் போன இடம். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். அன்றைக்கே ஜிங்க் பெயின்ட் இரண்டு கோட்டு அடிக்கச் சொல்லி, நின்று பாருங்கள். நட்டு போல்ட்டு, உப்பை நன்றாகத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். விலை குறைந்த 304 ரகம் போதுமே, ஏன் செலவை ஏற்றுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. நெய்வேலிக்கு அது போதும்தான். சில்வர் பீச் காற்று நேராக அடிக்கும் மாடிக்கு நான் 304-ஐச் சொல்ல மாட்டேன். பேனலின் டி.சி. கரண்டை ஏ.சி.யாக மாற்றும் சோலார் இன்வர்ட்டரைக் கடல் பார்த்த கிழக்குச் சுவரில் மாட்டாதீர்கள். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புப் படிவுச் சோதனைச் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மே மாத மதியத்தில், இடுப்பில் கயிறு இல்லாமல், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்று பேனல் தூக்கும் பையன்களை நிறையவே பார்க்கிறோம். விலையில் ஆயிரம், இரண்டாயிரம் குறைக்கப் பேரம் பேசும் நாம், பெல்ட்டும் ஹெல்மெட்டும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள். இல்லையென்றால் வேலையைத் தொடங்கவிடாதீர்கள்.

மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், அதுவும் இந்தியாவில் செய்த செல் உள்ள பேனலுக்கு மட்டும். கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படிந்துவிடும். நல்ல தண்ணீரால், விடிகாலையில், மெல்லிய துணி போதும். பேனல் மேல் ஏறி நிற்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் செல்லில் விரிசல் விடும்.

மீட்டர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். எடுக்கும் யூனிட்டையும் அனுப்பும் யூனிட்டையும் தனித்தனியாகக் காட்டும் நெட் மீட்டர் மாற்றும் முன்பே "சும்மா ஓட்டிப் பார்ப்போம்" என்று போடச் சொல்வார்கள். பழைய டிஜிட்டல் மீட்டர்களில் பல, நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகவே கூட்டும். மீட்டர் மாறி, அதில் எக்ஸ்போர்ட் எண் (வெளியே அனுப்பிய யூனிட்) தனியாகத் தெரிவதை நீங்களே பார்க்கும்வரை சோலாரைத் துண்டிக்கும் இரண்டு சுவிட்சுகளான ஏ.சி. பிரேக்கரும் டி.சி. ஐசொலேட்டரும் ஆஃபிலேயே இருக்கட்டும்.